மஞ்சளும் சுண்ணாம்பும்

என் வீட்டு வாசல் மணி கெட்டுப்போயிருந்தது எனக்கே தெரியாது. மளிகைச் சாமான் கொண்டுவந்த ஆள் போன் செய்து, "ஆன்டி, உங்க வாசல்லதான் நிக்கிறேன். பெல் அடிச்சி அடிச்சி கை வலிக்குது" என்றபோதுதான் தெரிந்தது. எத்தனை மாதமாக அது ஊமையாக இருந்ததோ. அடிக்க ஆள் வந்தால்தானே தெரியும். சரிசெய்ய ஆளைக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். அப்புறம், யாருக்காக என்று விட்டுவிட்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் மோனோரயில் போவது ஜன்னலில் தெரிகிற மாதிரி ஓர் அடுக்குமாடி வீடு எங்களுடையது. எங்களுடையது என்று பழக்கத்தில் சொல்கிறேன். கணவர் போய் இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரே மகன் பெர்த்தில் வேலை பார்க்கிறான். நான் வேலை பார்த்ததெல்லாம் கிள்ளானில், ஒரு கையுறைத் தொழிற்சாலையின் லேபில். ரப்பர் பால் கெட்டுப்போகாமல் இருக்க அதில் அமோனியா கலந்து வரும். அது கூடினாலும் தொல்லை, குறைந்தாலும் தொல்லை. அதை அளந்து எழுதியே என் ஆயுளில் பாதி போனது. உடுப்பிலும் முடியிலும் பூனை மூத்திரம் போன்ற அந்த வாடை ஏறிவிடும். நான் கதவைத் திறக்கும்போதே என் கணவர் உள்ளேயிருந்து, "பூனை வந்திருச்சி" என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். குளித்துவிட்டு வந்துதான் அவரோடு பேசுவேன். இப்போது யாராவது பூனை என்று கூப்பிட்டால்கூடச் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பேன்.

கீழே கடைவரிசையின் மாடியில் ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது. அதை நடத்தும் பெண் எங்கள் கட்டடத்தில்தான் குடியிருக்கிறாள். ஒருநாள் லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். அறிவியல் டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டாளாம்.

"ஆன்டி, நீங்க லேப்லதானே வேல செஞ்சீங்க? சனிக்கிழம மட்டும் வந்து சின்னப் பிள்ளைங்களுக்கு அமிலம், காரம், உப்பு சொல்லிக் குடுங்களேன்."

"எனக்குப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துப் பழக்கமில்லம்மா."

"அதெல்லாம் ஒன்னும் இல்ல ஆன்டி. சத்தம் போடாம பாத்துக்கிட்டா போதும் லா."

என் படிப்புக்கும் அனுபவத்துக்கும் அவள் வைத்திருந்த மரியாதை அவ்வளவுதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை என்றால் அன்று போக ஓர் இடம் இருக்கும், உடுத்திக்கொள்ள ஒரு காரணம் இருக்கும்.

முதல் வகுப்பு படு தோல்வி. தமிழ்ப்பள்ளியில் படிக்கும் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் பலகையில் ஹைட்ரஜன் அயனி என்று எழுதினேன். முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், "டீச்சர், அயனின்னா என்னா?" என்றாள். அணுவைச் சொன்னேன். அணுன்னா என்னா என்றாள். எலெக்ட்ரானைச் சொன்னேன். ஒரு கேள்வியிலிருந்து தப்பிக்க இன்னொரு குழியில் இறங்கிக்கொண்டே போனேன். கடைசியில் அவளே என்மேல் இரக்கப்பட்டு, "பரவால்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டாள். பின்வரிசையில் ஒருவன் தூங்கியே போனான்.

வீடு திரும்பும்போது பிள்ளைகள்மேல் கோபமாக வந்தது. சமையலறையில் நின்று டீக்குத் தண்ணீர் வைத்தபோது அந்தக் கோபம் என்மேல் திரும்பியது. லேபில் வேலை செய்தேனே தவிர, யாருக்கும் எதையும் புரியவைக்க வேண்டிய தேவை எனக்கு வந்ததில்லை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். புளி, வினிகர், எலுமிச்சை, சமையல் சோடா, மஞ்சள் தூள் எல்லாம் கண் முன்னால்தான் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்து, எதிரில் பிள்ளைகள் இருப்பதுபோல் சத்தமாகப் பேசிப் பார்த்தேன். என் குரல் கரகரவென்று இருந்தது. அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. காரம் என்றதும் எல்லாருக்கும் மிளகாய்தான் ஞாபகம் வரும், அதனால் சோப்பிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரத்தின் நடுவில் மகன் போன் செய்தான். சில மாதங்களுக்கு முன்புதான் அவன் பெர்த்திலேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டான். நான் அதைப் போனில்தான் பார்த்தேன். பெண் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் புரியும், பேச வராது. "மா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம அவளக் கூட்டிக்கிட்டு வரேன். ஒரு வாரம் லீவு" என்றான். போனை வைத்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். பிறகு கிள்ளானில் இருக்கும் என் நாத்தனாருக்கு, என் கணவரின் தங்கைக்குச் சொன்னேன்.

அவளுக்கு என்னைவிட மகிழ்ச்சி. அத்தைக்காரி இல்லையா. பலகாரம் என்ன செய்வது என்பதெல்லாம் பேசி முடித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"அண்ணி, ஆரத்தி எடுக்கணும்ல. நானும் என் மகளும் வந்துர்றோம், நாங்க ரெண்டு பேரும் எடுத்துக்கிறோம். நீங்க அந்த நேரத்துக்கு ரூம்ல இருங்க. அவங்க உள்ள வந்ததும் நீங்க வெளிய வரலாம்."

"சரி" என்றேன்.

சரி என்றுதான் வாயில் வந்தது. அவள் கெட்டவள் இல்லை. என் கணவர் இறந்தபோது தன் வீட்டைப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டவள். சோறு வேண்டாம் என்று நான் முரண்டு பிடித்தபோது உருட்டி உருட்டிக் கையில் வைத்தவள். நல்லவர்கள் இப்படிச் சொல்லும்போதுதான் பதில் சொல்ல வருவதில்லை. புருஷன் இல்லாதவள் ஆரத்தித் தட்டைத் தொட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது என்று அவள் உண்மையாகவே பயந்தாள். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் மகன் வரும்போது என் வாசலில் நான் நிற்க வேண்டும். அவன் மனைவி இந்த வீட்டில் முதலில் பார்க்கிற முகம் என்னுடையதாக இருக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அதற்குப் போய் நான் அறைக்குள் ஒளிந்துகொள்வதா என்று அன்று முழுவதும் பாத்திரங்களிடம் சண்டை போட்டேன்.

சனிக்கிழமை வந்தது. வெற்றிலை விற்கும் கடையில் புதுச் சுண்ணாம்பு ஒரு சின்ன டப்பா வாங்கிக்கொண்டேன். பை நிறைய சாமான்களோடு நான் வகுப்புக்குள் நுழைந்ததும், "டீச்சர், சமைக்கப் போறோமா?" என்று ஒருவன் கேட்டான்.

எலுமிச்சையை நறுக்கி ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். அந்தப் புளிப்புதான் அமிலம் என்றேன். எறும்பு கடித்தால் எரிகிறதே, அதுவும் ஓர் அமிலம்தான், அதே அமிலத்தை ஊற்றித்தான் தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைப்பார்கள் என்றேன். பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகளுக்கு ரப்பர் மரமே தெரியவில்லை, எறும்பு தெரிந்திருந்தது. பிறகு சோப்பை நனைத்துக் கையில் தேய்க்கச் சொன்னேன். வழுவழுவென்று போகிறதே, அது காரம். சுண்ணாம்பும் அந்தச் சாதிதான், ஆனால் அதைத் தொடக்கூடாது, தப்பித்தவறிக் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன்.

"எது அமிலம், எது காரம்னு நாக்குல வச்சிப் பாத்தா நாக்கு போயிரும். அதனால நமக்காகப் பாத்துச் சொல்ல ஒரு ஆள் வேணும். அதான் மஞ்சள்."

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் மஞ்சள் தண்ணீர் கலந்து வைத்தேன். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விட்டேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. இன்னொன்றில் குச்சி முனையால் சுண்ணாம்பை எடுத்துக் கலக்கினேன். தண்ணீர் குப்பென்று சிவந்தது. பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். சிவந்த தண்ணீரில் கொஞ்சத்தை வேறொரு தம்ளரில் ஊற்றி, அதில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. விட்டுக்கொண்டே இருந்தபோது, ஒரு சொட்டில் சிவப்பு போய் மறுபடி மஞ்சள் வந்துவிட்டது.

"சிவப்பு எங்க போச்சி டீச்சர்?" என்றாள் இரட்டைச் சடை.

"சுண்ணாம்போட காரத்தை எலுமிச்சையோட அமிலம் தீத்துருச்சி. ரெண்டும் சேந்து வேற ஒன்னா மாறிடிச்சி. அதுக்குப் பேருதான் உப்பு."

"சோத்துல போடுற உப்பா?"

"அது ஒரு வகை. உப்புல நெறைய வகை இருக்கு. இத சோத்துல போட்டா உங்கம்மா என்னத் தேடிக்கிட்டு வருவாங்க."

சிரித்தார்கள். என் பேச்சுக்கு யாராவது சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. சுண்ணாம்பு டப்பாவை ஒருவன் திறந்து போட்டிருந்தான். "மூடி வைய்யா. காத்து பட்டுக் காஞ்சிருச்சின்னா சுண்ணாம்பு சாக்பீஸ் மாதிரி ஆயிரும். அப்புறம் மஞ்சள் செவக்காது" என்றேன். அவன் பயந்து இறுக்கி மூடினான்.

மிச்சமிருந்த சிவப்புத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்த இரட்டைச் சடை, "டீச்சர், இது ஆரத்தித் தண்ணி" என்றாள்.

அவ்வளவுதான். எங்க அக்கா கல்யாணத்துல, எங்க பாப்பா ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்ப என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் சாமான் வைத்துக் கொண்டுவந்த எவர்சில்வர் தட்டில் ஒருத்தி அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். யாருக்குச் சுற்றுவது என்று ஒரு வாக்குவாதம். "டீச்சருக்குத்தான். அவங்கதான் புதுசா வந்திருக்காங்க" என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னான். "வெளிய போய் நில்லுங்க டீச்சர்" என்று என்னைக் கதவுக்கு வெளியே தள்ளினார்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். உங்க டீச்சருக்கு இதெல்லாம் எடுக்கக்கூடாது என்று அந்தப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது. சொன்னால், ஏன் டீச்சர் என்று அந்த இரட்டைச் சடை கேட்பாள், அயனியைப் போலவே அதற்கும் என்னிடம் பதில் இருக்காது. நின்றேன். இரண்டு பெண்கள் தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு என் வயிற்றுக்கு நேராகச் சுற்றினார்கள். அவர்களுடைய உயரம் அவ்வளவுதான். குனியச் சொல்லி அந்தத் தண்ணீரையே தொட்டு நெற்றியில் பொட்டு வைத்தார்கள். "வலது கால எடுத்து வச்சி உள்ள வாங்க டீச்சர்."

வைத்தேன். அதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் டீச்சர் அழுவுறீங்க?" என்று கேட்டதும், சுண்ணாம்பு கண்ணில் பட்டுவிட்டது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். போன வாரம் தூங்கிப்போனானே அந்தப் பையன், ஓடிப்போய்த் தன் தண்ணீர்ப் புட்டியை எடுத்துவந்து நீட்டினான். "நல்லா கழுவுங்க டீச்சர், நீங்கதானே சொன்னீங்க." அவன் பார்த்துக்கொண்டே நின்றதால் கண்ணைக் கழுவ வேண்டியதாயிற்று.

லிஃப்ட் கண்ணாடியில் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்தேன். என் முகம்தானா என்று இருந்தது. துடைக்கவில்லை. சாயங்காலம் பார்த்தபோது பொட்டு காய்ந்து மஞ்சளாகியிருந்தது. காற்று பட்டதும் சுண்ணாம்பின் காரம் போயிருக்கும். இது இப்படித்தான் ஆகும் என்று தெரிந்தும் வருத்தமாக இருந்தது. மறுநாள் ஆளைக் கூப்பிட்டு வாசலுக்குப் புது மணி போட்டேன்.

அடுத்த ஞாயிறு நாத்தனார் விடிந்ததும் வந்துவிட்டாள், தனியாக. அவள் மகளுக்குக் கடைசி நேரத்தில் வேலை மாற்றிவிட்டார்களாம்.

"எதிர் வீட்டுல நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா அண்ணி? தட்டப் புடிக்க இன்னொரு ஆள் வேணுமே."

"எதிர் வீட்டுல ஒரு சீனர் தனியா இருக்காரு. கூப்பிடவா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வீட்டுச் சாமி அலமாரியிலிருந்து கொண்டுவந்த மஞ்சளையும், பழைய சுண்ணாம்பு டப்பாவையும் எடுத்து வைத்துக்கொண்டு சமையலறையில் ஆரத்தி கரைக்க ஆரம்பித்தாள். விமானம் இறங்கி வெகு நேரமாகியிருந்தது. மகன் காரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

தண்ணீர் சிவக்கவில்லை. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போட்டாள். கொஞ்சம் கலங்கியதே தவிர மஞ்சள் மாறவில்லை. மறுபடி போட்டுக் கலக்கினாள். ஆரத்தி சிவக்காமல் போனால் அவள் மனதில் என்னென்ன ஓடும் என்று எனக்குத் தெரியும். "மஞ்சள்ல கலப்படம் போல இருக்கு அண்ணி" என்றாள். குரலே மாறியிருந்தது.

அவளுடைய டப்பாவை வாங்கிப் பார்த்தேன். மூடி உடைந்து, சுண்ணாம்பு கட்டி தட்டிப்போயிருந்தது. "மஞ்சள் நல்லாதான் இருக்கு. சுண்ணாம்புதான் செத்துப்போச்சி. ஒன்னும் கெட்ட சகுனம் இல்ல, பயப்படாத" என்று சொல்லி, வகுப்புக்கு வாங்கிய என் டப்பாவை எடுத்துவந்தேன். விரல் நுனியில் எடுத்துத் தட்டில் கரைத்தேன். தண்ணீர் நன்றாகச் சிவந்தது. அவள் பெருமூச்சு விட்டாள். தட்டில் என் விரல் பட்டதை இரண்டு பேருமே பார்த்தோம்.

மணி அடித்தது. புது மணி, காது கிழிகிற மாதிரி ஒரு சத்தம்.

அவள் தட்டைத் தூக்கினாள். ஒரு பக்கம் அவள் கை, மறு பக்கம் யாருமில்லை. என் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. நான் போய்த் தட்டின் மறு பக்கத்தைப் பிடித்தேன்.

"அண்ணி" என்றாள் மெல்ல.

"நான் புடிச்சிருக்கேன். நீ கதவத் திற."

அவள் என் முகத்தையே பார்த்தாள். மணி மறுபடி அடித்தது. தட்டை விடாமலே இன்னொரு கையால் கதவைத் திறந்தாள்.

என் மகனும் அவன் மனைவியும் பெட்டிகளோடு நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் தட்டைச் சுற்றினோம். ஆளுக்கொரு வேகத்தில் சுற்றியதில் தண்ணீர் தளும்பி வாசலில் சிந்தியது. மருமகளுக்கு நான்தான் பொட்டு வைத்தேன். அவள் நெற்றி வெதுவெதுப்பாக இருந்தது. நாத்தனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பிறகு தொண்டையைச் செருமி, "வலது கால எடுத்து வச்சி வாம்மா" என்றாள். என் மகனுக்கு இதெல்லாம் தெரியாது. அவன் என்னைக் கட்டிக்கொண்டு, "ரொம்ப எளைச்சிட்டீங்க மா. அந்தத் தண்ணி என் ஷூவுல பட்டிருச்சி" என்றான். நான் எவ்வளவு பெரிய காரியம் செய்துவிட்டு நிற்கிறேன் என்று அவனுக்குச் சொல்ல நினைத்தேன், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

அந்த ஒரு வாரம் வீட்டில் சத்தம் இருந்தது. குளியலறைக்கு வரிசை இருந்தது. மருமகள் என் பின்னாலேயே நின்று சமையலைப் பார்த்தாள், மஞ்சள் சிவப்பாகிற வித்தையை அவளுக்கும் காட்டினேன். பிறகு அவர்கள் போய்விட்டார்கள். விமான நிலையத்திலிருந்து ரயிலில் தனியாகத் திரும்பினேன். வாசலில் நின்று சாவியைத் தேடும்போது மணியை நானே ஒரு தடவை அடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் வேலை செய்கிறது.

அப்போதுதான் அந்தக் கறையைக் கவனித்தேன். ஆரத்தி சிந்திய இடம், நிலைப்படிக்கு வெளியே சிமெண்டுத் தரையில், உள்ளங்கை அளவு. சிவப்பெல்லாம் போய் மஞ்சளாகக் காய்ந்திருந்தது. உள்ளே போய்ச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துவந்து விரலால் தொட்டு வைத்தேன். அந்த இடம் மறுபடி சிவந்தது. அவர்கள் இப்போதுதான் உள்ளே போயிருக்கிறார்கள் என்பதுபோல் இருந்தது.

அதன் பிறகு காலையில் எழுந்ததும் அதுதான் என் முதல் வேலை. கதவைத் திறப்பேன், உட்காருவேன், சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு வைப்பேன், சிவக்கும். எதிர் வீட்டுச் சீனர் ஒருநாள் செய்தித்தாளை எடுக்க வந்தவர் என்னையும் தரையையும் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். தாழ்வாரம் துடைக்க வரும் அக்காவிடம் அந்த இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருந்தேன். பைத்தியக்காரத்தனம்தான். இதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு நாளும் நிறம் முந்திய நாளைவிட வெளிறிக்கொண்டு வந்ததையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று காலையும் தொட்டு வைத்தேன். சிவக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தேன். சுண்ணாம்பு நல்ல சுண்ணாம்புதான், டப்பாவை இறுக்கி மூடித்தான் வைத்திருக்கிறேன். தரையில் மஞ்சள்தான் தீர்ந்துபோயிருந்தது.